அடுத்த பரிசோதனை எந்தத் தேதி? குழந்தைகள் கண் பிரிவுக்குத் தலைமை ஏற்பவருக்கு

பயிற்சி மருத்துவர்களும் மாணவர்களும் உள்ள பெரிய குழந்தைகள் மருத்துவமனையில் கண் பிரிவின் பொறுப்பை ஏற்பவர், வாரத்தில் எத்தனை நாள் ஆபரேஷன் தியேட்டர் கிடைக்கும், லேசர் வேலை செய்கிறதா, ஆர்தாப்டிஸ்ட் (பார்வையையும் மாறுகண்ணையும் அளப்பவர்) எத்தனை பேர் என்றுதான் முதலில் விசாரிப்பார். விசாரிக்க வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த வாரம் கட்டாயம் பார்த்தாக வேண்டிய குழந்தைகளின் பட்டியல் யாரிடம் இருக்கிறது? அவர் நாளைக்கு விடுப்பு எடுத்தால் அது யார் கைக்குப் போகும்?

பெரியவர் ஒருவர் கண்புரை ஆபரேஷனை ஆறு மாதம் தள்ளிப்போட்டாலும், செய்த மறுநாள் பார்வை திரும்பிவிடும். குழந்தைக்கு அந்தச் சலுகை கிடையாது. பிறவிக் கண்புரைக்குக் கெடு வாரக் கணக்கில். குறைமாதக் குழந்தையின் விழித்திரைக்குக் கெடு நாள் கணக்கில். கெடு தாண்டிய பிறகு எவ்வளவு நேர்த்தியாக ஆபரேஷன் செய்தாலும் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளாது. குழந்தைகள் கண் பிரிவுகளில் பார்வை பறிபோகும் சம்பவங்களைப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், கை தவறியவை குறைவு. இரண்டு வருகைகளுக்கு நடுவில் ஒரு தேதி தொலைந்துபோனவைதான் அதிகம். அதனால் தேதிகளைக் காப்பதைத் தலைவரின் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்.ஐ.சி.யூ. பதிவேடு

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயை எல்லா என்.ஐ.சி.யூ.விலும் (பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) ஆர்.ஓ.பி. என்றுதான் சொல்கிறார்கள். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் பார்வை நரம்பிலிருந்து விளிம்பை நோக்கி வளர்ந்து, நிறைமாதத்தை ஒட்டித்தான் முழுமை அடைகின்றன. இடையிலேயே பிறந்துவிட்ட குழந்தைக்கு இந்த வளர்ச்சி தடுமாறுகிறது. குழாய்கள் தடித்து முறுக்கிக்கொள்கின்றன, முளைக்கக் கூடாத இடத்தில் முளைக்கின்றன, கடைசியில் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடுகின்றன. 1942ல் இந்த நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அளவின்றிக் கொடுத்த ஆக்சிஜனுக்கு இதில் பங்கு உண்டு என்பது 1950களில் தெளிவானது.

யாரையெல்லாம் பரிசோதிப்பது என்பதில் நாட்டுக்கு நாடு கோடு மாறும். அமெரிக்க வழிகாட்டுதலில் பிறந்த எடை 1500 கிராம் வரை, அல்லது கருவளர்ச்சி 30 வாரம் வரை. இந்தியாவில் 2000 கிராமுக்குக் குறைவு, அல்லது 34 வாரத்துக்குக் குறைவு. ஆக்சிஜன் அளவைச் சீராகக் கண்காணிக்க முடியாத இடங்களில் எடை கூடிய, சற்று முதிர்ந்த குழந்தைகளுக்கும் கடுமையான ஆர்.ஓ.பி. வருவதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம். ஆகவே அளவுகோலைப் பாடநூலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். உங்கள் மருத்துவமனையில் கடந்த சில ஆண்டுகளில் சிகிச்சை வரை போன குழந்தைகளின் எடையையும் வாரத்தையும் எடுத்து வையுங்கள். கோட்டை ஒட்டி ஒரு குழந்தை நின்றாலும் கோட்டை வெளியே தள்ளி வரையுங்கள்.

முதல் பரிசோதனைக்கான நாளைப் பிறந்த அன்றே கணக்கிட்டுவிடலாம். அமெரிக்க முறைப்படி, 27 வாரத்திலோ அதற்கு முன்போ பிறந்தால் கருவயது (கர்ப்பம் தொடங்கியதிலிருந்து, பிறந்த பிறகும் சேர்த்து எண்ணும் வயது) 31 வாரம் ஆகும்போது. 28 வாரத்திலோ பிறகோ பிறந்தால் பிறந்து 4 வாரத்தில். இந்தியாவில் மிகச் சிறிய குழந்தைகளை 2 முதல் 3 வாரத்திலேயே பார்த்துவிடச் சொல்கிறார்கள். எந்த முறையைப் பின்பற்றினாலும் அந்தத் தேதி, குழந்தை அட்மிட் ஆகும் நாளிலேயே பதிவேட்டில் ஏறிவிட வேண்டும். நான்காம் வாரத்தில் யாராவது ஞாபகம் வைத்துக் கூப்பிடுவார்கள் என்று விட்டுவைத்தால் ஒருநாள் கூப்பிட மாட்டார்கள்.

பதிவேட்டின் கட்டங்கள்: மருத்துவமனை எண், தாயின் பெயர், பிறந்த வாரம், எடை, கடைசிப் பரிசோதனையின் தேதி, அன்றைய நிலை (பார்வை நரம்பைச் சுற்றிய பகுதியிலிருந்து வெளிநோக்கி எண்ணினால் விழித்திரையின் எந்த மண்டலம், நோயின் எந்தக் கட்டம், குழாய்கள் தடித்து முறுக்கிக்கொள்ளும் பிளஸ் உண்டா), அடுத்த பரிசோதனை, இரண்டு தொலைபேசி எண்கள். அடுத்த பரிசோதனைக்கான கட்டத்தில் 'இரண்டு வாரம் கழித்து' என்று எழுத விடாதீர்கள். 'இந்தத் தேதிக்குள்' என்று நாள், மாதம், ஆண்டுடன் இருக்கட்டும். இரண்டு வாரம் என்பதை ஒருவர் 14 நாளாக எடுத்துக்கொள்வார், இன்னொருவர் அதற்கடுத்த பரிசோதனைக் கிழமையாக எடுத்துக்கொள்வார். இரண்டாம் மண்டலத்தில் மூன்றாம் கட்டம் என்றால் ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அங்கே நாலைந்து நாள் பிசகினாலே விழித்திரை கையை விட்டுப் போகலாம்.

இந்தப் பதிவேட்டுக்கென்று தனியாக ஒருவர் வேண்டும். செவிலியராக இருக்கலாம், ஒருங்கிணைப்பாளராக இருக்கலாம். மருத்துவராக இருக்கத் தேவையில்லை. வாரம் ஒருமுறை என்.ஐ.சி.யூ.வின் தற்போதைய படுக்கைப் பட்டியலையும் பதிவேட்டையும் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிடுவது அவர் வேலை. பட்டியலில் இருந்தும் பதிவேட்டில் இல்லாத குழந்தை எது? பதிவேட்டில் இருந்தும் படுக்கையில் இல்லாத குழந்தை எங்கே போனது? இரண்டாவது கேள்விதான் அதிக முக்கியம்.

குழந்தைகள் தொலைந்துபோகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். முதலாவது, வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது டிஸ்சார்ஜ் குறிப்பில் கண் பரிசோதனைத் தேதி இல்லாமல் போவது. இரண்டாவது, பெயர். படுக்கையில் இருக்கும்வரை குழந்தை தாயின் பெயரால் அழைக்கப்படுகிறது. வீட்டுக்குப் போனதும் சொந்தப் பெயரில் புது அட்டை போடுகிறார்கள். பழைய எண்ணில் இருந்த தேதி அங்கேயே நின்றுவிடுகிறது. மூன்றாவது, இரட்டையர். ஒரு குழந்தையைப் பரிசோதித்துவிட்டு இரண்டு குழந்தைகளின் தாளிலும் 'பார்த்தாயிற்று' என்று குறிப்பது எங்கும் நடக்கக்கூடிய பிழை. கைப்பட்டை எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் பதிவேட்டில் சரிபார்த்த பிறகே இமையைத் திறக்க வேண்டும். இதற்கெல்லாம் பூட்டுப்போல ஒரே ஒரு விதி: கண் பரிசோதனைக்கான அடுத்த தேதி உறுதியாகி, அது பெற்றோரின் கையில் எழுத்தில் இருந்தால்தான் டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்து. இந்த விதியைக் கண் பிரிவு தனியாகப் போட முடியாது. பச்சிளம் குழந்தைப் பிரிவின் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே அவரிடம் போய் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

படுக்கை அருகே

பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பாகப் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். வயிறு நிறைந்திருந்தால் குழந்தை கக்கி மூச்சுத் திணறும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தாக டிராபிகமைடு 0.5% உடன் ஃபினைலெஃப்ரின் 2.5%, அல்லது சைக்ளோபென்டோலேட் 0.5% உடன் ஃபினைலெஃப்ரின் 2.5% போன்ற நீர்த்த கலவைகள்தான். ஃபினைலெஃப்ரின் 10% குப்பி அந்தத் தட்டின் அருகிலேயே வரக் கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு, சில நிமிடம் கழித்து இன்னொன்று. கன்னத்தில் வழிவதை உடனே துடையுங்கள். ஒரு கிலோகூட எட்டாத உடம்பின் மெல்லிய தோல் வழியாக மருந்து உள்ளே போய்விடும்.

இரண்டு முறை விட்டும் கண்மணி விரியவில்லை என்றால், மூன்றாவது, நான்காவது என்று விட்டுக்கொண்டே போகாமல் ஐரிஸை (கண்மணியைச் சுற்றிய நிற வளையத்தை) உற்றுப் பாருங்கள். அங்கே ரத்தக் குழாய்கள் பருத்துத் தெரிந்தால், கண்மணி விரிய மறுப்பதே நோய் முற்றியதன் அடையாளமாக இருக்கலாம். 'சரியாக விரியவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று எழுதிவிட்டுப் போன தாள்களுக்குப் பின்னால் பெரும் இழப்புகள் இருக்கின்றன.

மரத்துப்போகும் சொட்டு விட்டு, இமையைத் திறந்துவைக்கும் ஸ்பெகுலம் வைத்து, முதலில் பார்வை நரம்பையும் அதைச் சுற்றியுள்ள குழாய்களையும் பார்த்துவிடுங்கள். டிப்ரஸரால் கண்ணை அழுத்திய பிறகு குழாய்கள் வெளிறித் தெரியும். பிளஸ் நோய் இருந்தும் இல்லாததுபோல ஏமாற்றும். கையில் பிடித்துப் பார்க்கும் 28 டி (டயாப்டர்) லென்ஸில் நரம்பின் மூக்குப் பக்க விளிம்பை வட்டத்தின் ஒரு ஓரத்தில் நிறுத்தினால், எதிர் ஓரம் ஏறக்குறைய முதல் மண்டலத்தின் எல்லை. ரத்தக் குழாய்கள் அதற்குள்ளேயே நின்றுவிட்டால் அந்தக் குழந்தை ஆபத்தானவர்களின் வரிசையில் சேர்கிறது. பிறகே டிப்ரஸரை எடுத்து மூக்குப் பக்க விளிம்பு, கடைசியாக நெற்றிப்பொட்டுப் பக்க விளிம்பு. ஒரு செவிலியர் குழந்தையைத் துணியில் சுற்றி, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே தலையைத் தாங்கியபடி, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதயத் துடிப்பு இறங்குகிறது என்று அவர் சொன்னால் டிப்ரஸரை எடுங்கள். 'இன்னும் ஒரு நொடி' என்று கேட்காதீர்கள். நாக்கில் சிறிதளவு சர்க்கரைக் கரைசல் வைத்தால் வலி கொஞ்சம் மட்டுப்படும், ஆனால் முழுதாகப் போகாது. அதனால் வேகமும் ஒரு கருணைதான். பார்த்து முடித்த பிறகும் அந்த நாள் முழுக்க மூச்சு நின்றுபோகிறதா என்று கவனிக்கச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஆட்டோகிளேவ் செய்த (நீராவியால் கிருமி நீக்கிய) தனி ஸ்பெகுலமும் தனி டிப்ரஸரும் வேண்டும். ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து அடுத்த குழந்தைக்கு எடுத்துப் போவது கூடாது. கண்ணில் தொற்றும் அடினோ வைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது, காய்ந்த பரப்பில் வாரக் கணக்கில் உயிரோடிருக்கும். கண் பரிசோதனை வழியாக என்.ஐ.சி.யூ. முழுக்க அந்தத் தொற்று பரவிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கையில் பிடிக்கும் லென்ஸும் தலையில் மாட்டும் விளக்கும்கூட அதைக் கடத்தும். குழந்தையைத் தொட்ட கையுறையோடு விளக்கைச் சரிசெய்வது எல்லோருக்கும் உள்ள பழக்கம், ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டித்தான் அதை ஒழிக்க முடியும். மருத்துவர் கண் சிவந்து வந்தால் அன்று வார்டுக்குள் நுழையவே கூடாது.

சிகிச்சை தேவை என்று முடிவானால் 72 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். தீவிர வகையாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள். லேசரா ஊசியா என்பது நீண்ட விவாதம். நிர்வாகக் கோணத்தில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் போன்ற ஊசியைக் கண்ணுக்குள் போட்டால் நோய் சட்டென்று அடங்கும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். ஆனால் லேசருக்குப் பின் வருவதைவிட மிகவும் தாமதமாக, குழந்தை வீட்டுக்குப் போன பிறகு, நோய் திரும்ப வரலாம். கருவயது 65 வாரம் வரையாவது கண்காணிப்பு தொடர வேண்டும். அத்தனை வாரம் ஒரு குடும்பத்தைத் திரும்பத் திரும்ப வரவழைக்கும் ஏற்பாடு உங்களிடம் இல்லை என்றால், ஊசி எளிதான வழிபோலத் தெரிவது தோற்றம்தான். முதல் மண்டல நோய்க்கு ஊசியைத் தவிர்க்க முடியாத சமயங்கள் உண்டு. அப்போது அந்தக் குழந்தையின் பெயரைப் பதிவேட்டில் வேறு நிறத்தில் எழுதுங்கள்.

தொலைபேசி எடுப்பவரின் மேசையில்

வெளிநோயாளர் பிரிவுக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டு வரும் அழைப்பை எடுப்பவர் மருத்துவர் அல்ல. ஆனால் அவருடைய ஒரு முடிவு ஒரு கண்ணைக் காப்பாற்றும். அவர் மேசைமேல் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும். கண்மணியில் வெள்ளை தெரிகிறது, போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னுகிறது என்றால் சில நாட்களுக்குள் பார்த்தாக வேண்டும். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வருகிறது. ஆனாலும் அந்த ஒன்றுக்காகத்தான் இந்த வரி. கைக்குழந்தையின் கண்ணில் நீர் வடிகிறது என்றால் பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்புதான், ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துகொள்ளும். ஆனால் 'வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை இறுக்கிக்கொள்கிறதா? கண் பெரிதாகத் தெரிகிறதா?' என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் அந்த அழைப்பை வைக்கக் கூடாது. ஆம் என்று பதில் வந்தால் அது பிறவி கிளாக்கோமாவாக (கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய்) இருக்கலாம். பச்சிளம் குழந்தையின் கார்னியாவின் (கண்ணின் முன்புற ஒளிபுகு படலத்தின்) குறுக்களவு 11 மி.மீ.க்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டும். திடீர் மாறுகண்ணோடு தலைவலி, வாந்தி என்றால் அன்றே.

பிறவிக் கண்புரைக்கு ஒற்றைக் கண் என்றால் 6 வாரத்துக்குள், இரண்டு கண்ணும் என்றால் 8 வாரத்துக்குள் ஆபரேஷன் என்பது இலக்கு. 4 வாரத்துக்கு முன் போனால் பின்னாளில் கிளாக்கோமா வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆக, கையில் இருப்பது சில வாரங்களே. அதற்குள் குழந்தை மருத்துவர் பார்த்து, மயக்க மருந்துக்குத் தகுதி பார்த்து, இதயத்தில் கோளாறு இருந்தால் அதையும் பார்த்து, தியேட்டர் நாள் கிடைக்க வேண்டும். மாதப் பட்டியலில் ஒவ்வொரு வாரமும் ஒரு இடத்தைக் காலியாகவே வைத்திருங்கள். நாலு நாள் முன்பு வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆபரேஷனைவிடப் பெரிய வேலை அதற்குப் பின்னால் இருக்கிறது. ஏழு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு உள்ளே லென்ஸ் வைக்காமல் கான்டாக்ட் லென்ஸ் போடுவது பெரும்பாலும் நல்லது. 114 குழந்தைகளை வைத்து நடந்த கைக்குழந்தைக் கண்புரை ஆய்வில் இரு முறைகளிலும் பார்வை ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் உள்ளே லென்ஸ் வைத்தவர்களுக்கு 5 வயதுக்குள் மறு ஆபரேஷன்கள் மிக அதிகம். கான்டாக்ட் லென்ஸ் என்றால் தொலையும், கிழியும், குழந்தை வளர வளரப் பவர் மாறும். மாற்று லென்ஸ் அலமாரியில் தயாராக இல்லாமல் மூன்று வாரம் ஆர்டருக்குக் காத்திருந்தால், அந்த மூன்று வாரமும் அந்தக் கண் எதையும் தெளிவாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆகவே பிளஸ் 20லிருந்து பிளஸ் 32 வரையிலான பவர்களில் இருப்பு வைக்க, ஆபரேஷன் தொடங்கும் முன்பே நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

வெளிநோயாளர் பிரிவின் கணக்கு

இங்கே நெரிசலுக்குக் காரணம் மருத்துவரின் வேகம் அல்ல, சொட்டு மருந்து. சைக்ளோபென்டோலேட் 1% (ஒரு வயதுக்குக் கீழே 0.5%) விட்டு, 5 நிமிடத்தில் மறுபடி விட்டு, 30 முதல் 40 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு மருத்துவர் மணிக்கு 6 குழந்தைகளை முடிக்கிறார், ஒவ்வொரு குழந்தையும் 40 நிமிடம் காத்திருக்கிறது என்று வையுங்கள். எந்த நேரத்திலும் 4 குழந்தைகள் அவருக்காகச் சொட்டு அறையில் இருப்பார்கள். ஒவ்வொருவரோடும் இரண்டு பேர் என்றால் 12 இருக்கைகள். மூன்று மருத்துவர்கள் பார்த்தால் 36. கட்டடம் திட்டமிடுபவர்களிடம் பரிசோதனை அறைகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு வந்தால், மீதிக் குடும்பங்கள் வராந்தாவில் நிற்கும்.

பார்வைச் சோதனை சொட்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், குழந்தை அழத் தொடங்குவதற்கு முன்பே என்று சொன்னால் இன்னும் சரி. பேசாத குழந்தைக்குக் கோடுகள் போட்ட டெல்லர் அட்டை, இரண்டரை மூன்று வயதில் வீடு, ஆப்பிள் போன்ற எளிய உருவங்கள் கொண்ட லியா படங்கள், அதற்கு மேல் எழுத்து. ஒற்றை எழுத்தாகக் காட்டினால் சோம்பல் கண் (மூளை சரியாகப் பயன்படுத்தப் பழகாத கண்) நன்றாகப் படித்துவிடும். பக்கத்தில் கோடுகளோ எழுத்துகளோ நெருக்கிக்கொண்டிருந்தால்தான் குறை வெளிப்படும். எந்த அட்டையில் சோதித்தோம் என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால், அடுத்த வருகையில் பார்வை கூடியதா, அட்டை மாறியதா என்று யாருக்கும் தெரியாது. ஆர்தாப்டிஸ்டின் அளவைத்தான் நம்பி மாறுகண் ஆபரேஷனே செய்கிறோம். அவரை வரிசையை ஓட்டும் உதவியாளராக நடத்தும் பிரிவில் ஆபரேஷன் முடிவுகளும் கெடும்.

சோம்பல் கண்ணுக்கு நல்ல கண்ணை மறைப்பதில் ஆய்வுகள் தெளிவாக இருக்கின்றன. 2003ல் வெளியான முடிவுகளின்படி, மிதமான குறைக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம் மறைப்பதும் 6 மணி நேரம் மறைப்பதும் ஏறக்குறைய ஒரே பலன்; கடுமையான குறைக்கு 6 மணி நேரமே போதும். வார இறுதியில் மட்டும் நல்ல கண்ணில், அதை மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு விடுவதும் மிதமான குறைக்கு வேலை செய்கிறது. கண்ணாடி மட்டும் போட்டே நாலு மாதத்தில் கணிசமான குழந்தைகளுக்குப் பார்வை ஏறும் என்பதால் முதலில் அதற்கு அவகாசம் கொடுக்கலாம். சிக்கல் வேறு இடத்தில். மின்னணுக் கருவி பொருத்தி அளந்தபோது, எழுதிக்கொடுத்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் உண்மையில் மறைக்கப்படுகிறது என்று தெரிந்தது. ஆகவே பலன் இல்லை என்றதும் மணி நேரத்தைக் கூட்டாதீர்கள். 'நேற்று எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எப்போது கழற்றினீர்கள்?' என்று குற்றம் சாட்டாத குரலில் கேளுங்கள். நடக்கக்கூடிய 2 மணி நேரம், நடக்காத 6 மணி நேரத்தைவிட எவ்வளவோ மேல்.

தியேட்டரில் ஒரு வெள்ளைப் பலகை

மாறுகண் ஆபரேஷனில் பயப்பட வேண்டிய பிழை, தவறான தசையில் கத்தி வைப்பது, அல்லது பின்னகர்த்த வேண்டியதைச் சுருக்கிவிடுவது. மருத்துவர் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பதால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். மயக்கத்தில் கண் சுழன்றும் இருக்கும். அன்றைய ஐந்தாவது குழந்தையாகவும் இருக்கலாம். பலகையில் பெரிய எழுத்தில் ஒரே வரி வேண்டும்: வலது கண், உள் தசை, பின்னகர்த்தல், 5 மி.மீ. அதன் கீழே மாறுகண் உள்நோக்கியதா வெளிநோக்கியதா, எத்தனை ப்ரிஸம் (மாறுகண்ணை அளக்கும் அலகு) என்று இன்னொரு வரி. இரண்டு வரியும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று தியேட்டர் செவிலியரும் பயிற்சி மருத்துவரும் தனித்தனியாக யோசித்துச் சொல்ல வேண்டும். உள்நோக்கிய மாறுகண்ணுக்கு உள் தசையைப் பலவீனப்படுத்துகிறோம் என்பது செவிலியருக்கும் தெரிந்திருந்தால், ஒரு நாள் அவர்தான் கையைப் பிடித்து நிறுத்துவார். ஒவ்வொரு தசையையும் வெட்டுவதற்கு முன் அதன் பெயரை மறுபடி உரக்கச் சொல்லுங்கள்.

தசையைக் கொக்கியில் இழுக்கும் முன் மயக்க மருந்து நிபுணரிடம் 'இழுக்கப் போகிறேன்' என்று சொல்வது மரியாதைக்காக மட்டும் அல்ல. இழுத்ததும் இதயத் துடிப்பு சட்டென்று இறங்கலாம்; 1908லிருந்தே அறியப்பட்ட அனிச்சைச் செயல் இது. முதல் சிகிச்சை தசையை விடுவதுதான். பிறகு மூச்சும் மயக்கத்தின் ஆழமும் சரிதானா என்று பார்த்து, தேவைப்பட்டால் துடிப்பை ஏற்ற அட்ரோபின். வாந்தி இன்னொரு தொல்லை. அதைத் தடுக்கும் ஒன்டான்செட்ரானும் டெக்ஸாமெத்தசோனும் முன்கூட்டியே கொடுத்தால், அன்றே வீட்டுக்குப் போகும் குழந்தைகள் கூடுவார்கள். வீட்டுக்குப் போன இரண்டாம், மூன்றாம் நாளில் செவிலியர் ஒருவர் தொலைபேசியில் கேட்க வேண்டும்: காய்ச்சல் உண்டா, இமை வீங்குகிறதா, குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடக்கிறதா? ஆபரேஷனுக்குப் பின் வரும் தொற்று அரிது. வந்தால் அந்த நாட்களில்தான் பெரும்பாலும் தலைகாட்டும்.

குழந்தைகள் மருத்துவமனையில் இருப்பதன் பெரிய லாபம், ஒரே மயக்கத்தில் பல வேலைகளை முடிக்க முடிவது. எம்.ஆர்.ஐ.க்காக மயக்கம் கொடுக்கும்போதே கண்ணையும் முழுமையாகப் பார்க்கலாம். இதற்கு மயக்க மருந்துப் பிரிவின் அட்டவணையை வாரம் ஒருமுறை நம் பட்டியலோடு ஒத்துப் பார்க்கும் ஆள் வேண்டும். அதே பதிவேட்டுப் பொறுப்பாளரே இதையும் செய்யலாம்.

மற்ற பிரிவுகள் கூப்பிடும்போது

மூட்டுவாதப் பிரிவிலிருந்து வரும் குழந்தைக்குக் கண் சிவக்காது, வலிக்காது, ஆனால் உள்ளே யூவியைட்டிஸ் (கண்ணுக்குள் அழற்சி) நடந்துகொண்டிருக்கலாம். ரத்தத்தில் ஏ.என்.ஏ. (ஒருவகை எதிரணு) பாசிட்டிவ், சிறு வயதிலேயே தொடங்கிய மூட்டுவாதம் என்றால் முதல் 4 ஆண்டுகளுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பரிசோதனை. 'கண் நன்றாகத்தானே இருக்கிறது' என்று பெற்றோர் வராமல் விடுவது இயல்பு. அதனால் மூட்டுவாத மருந்துச் சீட்டு புதுப்பிக்கும் நாளிலேயே கண்ணையும் பார்க்கும்படி இரு பிரிவுகளும் ஒரே நாளை ஒதுக்குங்கள்.

தலைக் காயத்தோடு வந்த கைக்குழந்தையைத் துன்புறுத்தல் சந்தேகத்தில் பார்க்கக் கூப்பிட்டால், முதலில் நரம்பியல் குழுவின் அனுமதி. கண்மணியின் அசைவை வைத்து அவர்கள் மூளையைக் கண்காணித்துக்கொண்டிருக்கலாம். அனுமதி கிடைத்ததும் குறைந்த நேரமே வேலை செய்யும் சொட்டைப் பயன்படுத்துங்கள். 'கண்மணி விரிக்கப்பட்டது, நேரம் இத்தனை' என்று படுக்கைத் தலைமாட்டில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இது இல்லாமல் நள்ளிரவில் விரிந்த கண்மணியைப் பார்த்து அவசர ஸ்கேன் வரை ஓடுவார்கள். கூடியவரை 24 மணி நேரத்துக்குள் பாருங்கள், ரத்தக் கசிவுகள் சில நாளில் மறையத் தொடங்கும். குறிப்பில் எத்தனை கசிவுகள், எந்த அடுக்குகளில், விளிம்பு வரை போகிறதா என்று மட்டும் எழுதி, படமும் எடுங்கள். யார் செய்தார், எப்படி நடந்தது என்ற வார்த்தைகளுக்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

கற்பித்தல்

பயிற்சி மருத்துவர்கள் இருக்கும் இடத்தில் ஒரே குழந்தையை மூன்று பேர் பார்ப்பது வழக்கமாகிவிடுகிறது. பள்ளி வயதுக் குழந்தைக்குப் பரவாயில்லை. குறைமாதக் குழந்தைக்கு ஒவ்வொரு பரிசோதனையும் உடம்புக்கு ஒரு அடி. அங்கே ஒருவர்தான் பார்க்க வேண்டும். அகலக் கோணக் கேமராவில் எடுத்த படங்களை வைத்துப் பிறகு எல்லோரும் விவாதிக்கலாம். பயிற்சி மருத்துவர் படத்தைப் பார்த்து மண்டலம், கட்டம், பிளஸ் என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும். அதன் பிறகு மூத்தவர் தன் முடிவைக் காட்டட்டும். நூறு படங்களில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்த பிறகே படுக்கையருகே லென்ஸைக் கொடுங்கள். கண்ணாடிப் பவரை அளக்கும் ரெட்டினோஸ்கோப்பிலும் இதே முறைதான்: பழைய கண்ணாடியின் பவரைப் பார்க்கும் முன்பே தன் அளவை எழுதிவிட வேண்டும். முன்னால் பார்த்துவிட்டால் கண் அந்த எண்ணைத்தான் தேடும்.

மாதக் கூட்டத்தில் ஆபரேஷன் சிக்கல்களோடு சேர்த்துத் தவறிய தேதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுங்கள். கெடு தாண்டிப் பார்த்த ஒவ்வொரு ஆர்.ஓ.பி. குழந்தையும், கண்ணுக்கு எதுவும் ஆகவில்லை என்றாலும், அந்தப் பட்டியலில் வர வேண்டும். எவர் தவறு என்று கேட்டால் அடுத்த மாதம் பட்டியல் காலியாக வரும். எந்த இடத்தில் தேதி நழுவியது என்று கேளுங்கள்.

பண்டிகை வாரங்களும் நீண்ட விடுமுறைகளும் வரும் மாதத்துக்கு முன்பே, ஆர்.ஓ.பி. பார்க்கத் தெரிந்த இருவரின் பெயர் ஒவ்வொரு வாரத்துக்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் மட்டுமே தெரிந்தவராக இருக்கும் பிரிவில், இரண்டாமவரைத் தயார்செய்வதற்குத்தான் முதல் ஆண்டின் பயிற்சி நேரத்தைச் செலவிட வேண்டும், புதுக் கருவி வாங்குவதற்கும் முன்பாக.

வளர்ந்து பெரியவர்கள் பிரிவுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு ஏற்பாடு தேவை. லேசர் செய்த குறைமாதக் கண்ணுக்கு விழித்திரை பிரியும் ஆபத்து ஆயுள் முழுக்க உண்டு. கண்புரை எடுத்த கண்ணுக்குக் கிளாக்கோமா பல ஆண்டு கழித்தும் வரும். பரம்பரை வகை ரெட்டினோபிளாஸ்டோமாவிலிருந்து மீண்டவர்களுக்குப் பிறக்கும் குழந்தையைப் பிறந்த சில நாட்களிலேயே பார்க்க வேண்டும். அனுப்பும் கடிதத்தில் பிறந்த வாரம், எடை, எந்தக் கண்ணில் என்ன சிகிச்சை எப்போது நடந்தது, விழித்திரையை விளிம்பு வரை கடைசியாகப் பார்த்த தேதி, அடுத்து பார்க்க வேண்டிய தேதி எல்லாம் இருக்கட்டும். ஒரு பிரதியைப் புது மருத்துவருக்கு அனுப்புங்கள். இன்னொன்றை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.